எர்ல் தாம்ப்சனும் என் பிக்கப்பும்

என்னுடைய 1972 ஷெவ்ரலே சி-10 பிக்கப்பிலிருந்து டர்போ ஹைட்ராமேட்டிக் 350 ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு, நான்கு கியர் எஸ்.எம். 465 மேனுவல் கியர்பாக்ஸை ஏற்றினேன். பழைய வண்டியின் அசல்தன்மை போய்விட்டதே என்று நண்பர்கள் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கிளட்ச் மிதித்து வளர்ந்த பரம்பரை இது. ஆட்டோமேட்டிக்தான் பின்னால் வந்து சேர்ந்தது.

ஷெவ்ரலே பிக்கப்பில் அது கிடைக்கத் தொடங்கியது 1954இல், அதுவும் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும். ஹைட்ராமேட்டிக் என்ற அந்த ஆட்டோமேட்டிக் முதலில் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில், காடிலாக் எஞ்சின்கள் இரண்டுக்கும் தலா ஒன்றாகப் பொருத்தப்பட்டு உழைத்தது. அதை உருவாக்கிய பொறியாளர்களுக்குத் தலைமை தாங்கியவர் எர்ல் தாம்ப்சன். இதே தாம்ப்சன்தான் 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமான சிங்க்ரோமெஷையும் கண்டுபிடித்தவர்! அதற்கு முன்பெல்லாம் கிளட்சை இரண்டு முறை மிதித்து, எஞ்சின் வேகத்தைக் காதால் கணித்துக் கியர் போட வேண்டும். கணக்குத் தப்பினால் பற்கள் கறகறவென்று அரைபடும். அந்தச் சிரமத்தைத் தீர்த்த மனிதரே பிறகு கிளட்ச் பெடலையும் தேவையற்றதாக்கினார். மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டையும் எதிரிகளாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

வேலைக்கு வருகிறேன். ஷெவ்ரலே வி8 எஞ்சினின் பின்முகத்தில் பெல் ஹவுசிங் போல்ட் துளைகள் 1955 முதல் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கின்றன; பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிடுகிறது. மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்டை எடுத்துவிட்டுக் கனத்த ஃப்ளைவீலை மாட்ட வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் பைலட் புஷ் அடிக்க வேண்டும். கியர்பாக்ஸ் உள்தண்டின் நுனிக்கு அதுதான் பிடிமானம். இதை விட்டுவிட்டால் மாட்டியதையெல்லாம் மறுபடி இறக்க நேரும். கிளட்ச் பெடல், அதன் இணைப்புக் கம்பிகள், தரையில் லீவருக்கான துளை, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் எல்லாம் இதற்குப் பிறகுதான். ரேடியேட்டருக்குப் போன ஆயில் குழாய்களையும் கழற்றி வாயடைக்க வேண்டும்.

465இன் முதல் கியர் விகிதம் 6.55. அதற்கு முந்தைய எஸ்.எம். 420இல் 7.05. பாரத்தோடு வயல் மண்ணிலும் மேட்டிலும் ஊர்ந்து ஏறுவதற்கான கியர் அது. அதற்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடும் வண்டியில் அதற்கு இறங்க வேண்டுமானால் இன்றும் கிளட்சை இரண்டு முறை மிதித்தாக வேண்டும். பாரமில்லாத வண்டியை நான் இரண்டாம் கியரிலேயே எடுக்கிறேன்.