சங்குத் தபால்தலையும் பழுக்கும் காகிதமும்

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, நாகர்கோவில் வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் தபால்தலை நோட்டு கிடைத்தது. ஆல்பம் என்று சொல்ல முடியாது. கடைகளில் பற்றுவரவு எழுதும் கோடு போட்ட நோட்டு. அதில் மைதாப் பசையால் தபால்தலைகளை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அது வந்த கடிதத்தை எழுதியவர் யார், எந்த ஊர் என்று பேனாவால் குறித்திருந்தார். "நீயே கொண்டு போயிரு மக்களே, இங்க கெடந்தா ராமபாணம் தின்னு தீத்திரும்" என்றார் அம்மா. கைப்பெட்டியில் வைத்து அமெரிக்கா கொண்டுவந்தேன். இங்கே வந்து பிரித்தால், புரட்டும்போதே பக்கங்களின் ஓரம் அப்பளம் போல நொறுங்கியது. ராமபாணப் பூச்சிக்கு வேலையே இல்லை. காகிதம் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தது.

நோட்டில் பாதிக்கு மேல் திருவிதாங்கூர் தபால்தலைகள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும், அதற்கும் முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இருந்தது. அந்த சமஸ்தானத்துக்கு 'அஞ்சல்' என்ற பெயரில் சொந்தத் தபால் சேவை இருந்தது. 1888-இல் சங்குச் சின்னத்தோடு முதல் தபால்தலைகளை வெளியிட்டார்கள். விலை சக்கரத்திலும் காசிலும்: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1951-இல் இந்தச் சேவை இந்தியத் தபால்துறையோடு இணைந்தது. 'அஞ்சல்' என்ற சொல் மட்டும் இன்று நம் தபால் நிலையப் பலகைகளில் நிற்கிறது.

காகிதம் ஏன் பழுக்கிறது? நான் பொறியியல் முதுகலை படித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வேதியியலைக் கல்லூரியோடு மறந்தவன், இதற்காக மறுபடி படித்தேன். காகிதத்தின் வலிமை செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில் இருக்கிறது. பழைய கந்தல் துணியிலிருந்து செய்த காகிதத்தில் இந்தச் சங்கிலிகள் நீளமானவை. அதனால்தான் 1840-இல் வந்த உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்' இன்றும் நன்றாகவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ்க் காகிதம் பரவியது. மலிவான மரக்கூழில் லிக்னின் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் குங்கிலியமும் காகிதத்தில் அமிலத்தை உண்டாக்கும். அமிலமும் ஈரமும் சேர்ந்து செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டுதுண்டாக வெட்டும். வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும். நாகர்கோவில் ஓட்டுவீட்டுப் பரணைவிட இதற்குத் தோதான இடம் வேறு இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தபால்தலையின் காகிதம் ஓரளவு நல்லதாக இருந்தாலும், அது ஒட்டியிருக்கும் தாளின் அமிலம் மெல்ல அதற்குள்ளும் ஏறிவிடும். அப்படியானால் தாளிலிருந்து பிரித்து எடுத்துவிட வேண்டியதுதானே?

சில சமயம் அதுவே சரி. 1935-இல் ஜெர்மனியின் கோனிக்ஸ்பர்க் நகரில் 'ஓஸ்ட்ரோபா' என்ற தபால்தலைக் கண்காட்சிக்காக நான்கு தலைகள் கொண்ட சிறு தாள் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் பின்புறப் பசையில் கந்தக அமிலம் இருந்தது. பசையைக் கழுவாமல் வைத்தவர்களின் தாள்கள் பழுப்பாகி உதிர்ந்தன. சேகரிப்பவர்களுக்குப் பின்பசை கெடாமல் இருப்பது பெரிய விஷயம். விலையே அதில் இருக்கிறது. ஆனால் இந்தத் தாளுக்கு மட்டும் பசையைக் கழுவிவிடச் சொல்கிறார்கள்.

நானும் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீரில் நேராக ஊறவைக்கவில்லை. மூடிய டப்பாவில் ஈர ஒற்றுத்தாளை வைத்து, அதன்மேல் படாமல் நோட்டுத்தாளை வைத்தால், இரண்டு மணி நேரத்தில் பசை இளகிவிடும். இளகியது; தலை அழகாகக் கழன்று வந்தது. ஆனால் அதன் கீழே தாத்தா எழுதியிருந்த நீல மை ஈரத்தில் பரவிவிட்டது. 'திருவட்டாறு' என்பது மட்டும் புரிகிறது. எழுதியவர் பெயர் போய்விட்டது. கடைக்குப் போனால் அந்தத் தலைக்குச் சொற்பப் பணம்கூடக் கிடைக்காது. போன பெயரை இனி யாரிடம் கேட்பது? தாத்தாவும் இல்லை, அந்தக் கடிதமும் இல்லை.

அன்றோடு பிரிப்பதை நிறுத்தினேன். நான் காப்பாற்ற வேண்டியது தபால்தலைகளை அல்ல, பக்கங்களை என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு செய்தவை இவை. உங்கள் வீட்டிலும் பழைய நோட்டோ கடிதக்கட்டோ இருந்தால் உதவலாம்.

முதலில் எல்லாப் பக்கங்களையும் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து மூன்று இடங்களில் சேமித்தேன். அடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் பாலியெஸ்டர் உறையில் இட்டு, பின்னால் காரத்தன்மை சேர்த்த அமிலமற்ற தாள் ஒன்றை வைத்தேன். அந்தத் தாள் அமிலத்தை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். உறையின் நான்கு பக்கத்தையும் மூடக்கூடாது. மூடினால் அமில ஆவி உள்ளேயே தங்கிக் காகிதம் இன்னும் வேகமாகக் கெடும். பிவிசி உறைகளை வாங்கவே வேண்டாம், அவற்றிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மையான பொருள் தபால்தலையின் நிறத்தையும் கெடுக்கும். உறைகளை அட்டைப்பெட்டியில் இட்டு, வெளிச்சம் படாத படுக்கையறை அலமாரியில் வைத்திருக்கிறேன். அடித்தளத்தில் ஈரம், பரணில் வெப்பம், இரண்டும் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது.

நம் ஊரில் பழையதைக் கண்டால் உடனே லேமினேஷன் செய்துவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் அப்படித்தான், சில வருடங்களில் பழுப்புக் கறைதான் மிஞ்சும்.

இத்தனைக்கும் பிறகு காகிதம் மீண்டும் இளமையாகிவிடாது. அறுந்த சங்கிலி அறுந்ததுதான். இனி அறுவதைத்தான் தாமதப்படுத்த முடியும். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது. சென்ற வாரம் உறைக்குள் இருந்த ஒரு பக்கத்தைப் பார்த்து "தக்கலை, சித்தப்பா" என்று படித்தாள். யாருடைய சித்தப்பா என்று கேட்டாள். அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுச் சொன்னேன்.