பொலாஞ்சே

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில், ஆயி என்னும் ஊரில் நுரைக்கும் திராட்சை மது தயாரிக்கும் குடும்ப நிறுவனம். 1829இல் அத்தனாஸ் தெ வில்லெர்மோன், ஜாக் பொலாஞ்சே, பால் ரெனோதன் மூவரும் தொடங்கினர். வில்லெர்மோன் பிரபு வம்சத்தவர். வணிகத்தில் பெயர் அடிபடக்கூடாது என்பதால் மற்ற இருவர் பெயரே முதலில் நிறுவனத்துக்கு வைக்கப்பட்டது. 1837இல் வில்லெர்மோனின் மகளை ஜாக் மணந்தார். 1884இல் பிரித்தானிய அரண்மனைக்கு மது வழங்கும் உரிமை கிடைத்தது.

1941இல் கணவரை இழந்த பொலாஞ்சே குடும்பத்து மருமகள் லிலி பொலாஞ்சே 1971 வரை நிறுவனத்தை நிர்வகித்தார். திராட்சைத் தோட்டங்களைச் சைக்கிளிலேயே சுற்றிவந்து மேற்பார்த்தார்.

பினோ நுவார் என்னும் கருந்திராட்சையே முதன்மை மூலப்பொருள். சாற்றின் ஒரு பகுதி ஓக் பீப்பாய்களில் நொதிக்கிறது. புட்டிக்குள் நிகழும் இரண்டாம் நொதித்தலில் பிறக்கும் கரியமில வாயுவே நுரையாகிறது. திராட்சைக் கொடியின் வேரை அழிக்கும் ஃபிலாக்செரா பூச்சிக்குத் தப்பிய, ஒட்டுக் கட்டாத கொடிகளின் பழத்திலிருந்து 1969 அறுவடை முதல் தனி மதுவும் வெளிவருகிறது.