பழைய யந்திரமும் லினக்ஸ் ஏற்றும் வித்தையும்

1991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தபோது, தம்மிடமிருந்த 386 ரகக் கணினிக்கு அப்பால் அது பரவும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அந்த லினக்ஸ் பிற்காலத்தில், பிறர் உதவாதென்று ஒதுக்கிய மடிக்கணினிகளிலும் குடியேறப் புகுந்தது. அங்கே எளிதில் காலூன்ற மாட்டாமல் அது பட்ட பாட்டிலிருந்தே, கோளாறு கண்டு தீர்க்கும் ஒரு தனி வித்தை பிறந்தது.

1993-இல் ஸ்லாக்வேர், டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்புகள் தோன்றிய காலத்தில், லினக்ஸ் ஏற்றுவதென்றால் 1.44 மெகாபைட் கொள்ளும் ஃபிளாப்பிகளைக் கட்டாக வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டும். இருபதாவது ஃபிளாப்பி பழுதென்றால் முந்தைய பத்தொன்பதின் சிரமமும் வியர்த்தம். எல்லாம் இறங்கியபின் யந்திரத்தை மறுபடி முடுக்கினால், வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் இயற்றிய லிலோ என்னும் துவக்க நிரல், ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் தன் பெயரின் ஆங்கில எழுத்து நான்கில் ஒன்றைக் கறுப்புத் திரையில் எழுதும். நான்கும் வந்தால் சுபம். ‘எல்’, ‘ஐ’ என்ற இரண்டோடு நின்றுவிட்டாலோ, நிரலின் இரண்டாம் பகுதி நினைவகத்துக்கு வந்தும் ஓடவில்லை, பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் அமைப்பைப் பற்றி, யந்திரத்தை முதலில் எழுப்பும் உள்நிரலான பயாஸ் போட்ட கணக்கும் லிலோ போட்ட கணக்கும் ஒவ்வவில்லை என்று, நாடி பார்க்கும் வைத்தியரைப் போல அனுபவசாலி சொல்லிவிடுவார். அக்காலத்துப் பயாஸ் 1,024 சிலிண்டர்களுக்கு அப்பால் படிக்காது என்பதனால், டிஸ்க்கின் தொடக்கத்திலேயே லினக்ஸின் உட்கருவான கர்னலுக்கென ஒரு சிறு பகிர்வை ஒதுக்கிவைப்பது லினக்ஸ் ஏற்றுவோரிடையே ஆசாரமாகவே ஆகிவிட்டது.

மேஜைக் கணினியில் ஒத்துவராத அட்டையைக் கழற்றி எறியலாம். மடிக்கணினியிலோ தயாரித்தவர் வைத்ததே விதி. பல மாடல்களில் இருந்த பிராட்காம் வைஃபை சில்லு, தன்னுள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் நிரல் இல்லாமல் அசையாது. அதை விநியோகிக்கும் உரிமை லினக்ஸ் பதிப்பாளர்களுக்கு இல்லாமையால் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்குப் போகவோ அந்த வைஃபையே வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். விநியோக அனுமதியுள்ள இத்தகைய ஃபர்ம்வேர்களையேனும் நிறுவும் தட்டில் சேர்க்கலாமா என்று டெபியன் 2022-இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பு முதல் சேர்த்துக்கொண்டது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது பென்டியம் எம் என்னும் செயலியின் விவகாரம். 2003-இல் அறிமுகமாகி எண்ணற்ற மடிக்கணினிகளில் அமர்ந்த இந்தச் சில்லின் ஆரம்ப மாடல்களுக்கு, 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை எட்டும் பி.ஏ.இ. என்னும் திறன் உண்டு. ஆனால், ‘உனக்கு என்னென்ன தெரியும்?’ என்று கர்னல் விசாரிக்கும்போது, அந்த ஒன்றை மட்டும் அது சொல்லாது. 2012 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு என்னும் லினக்ஸ் பதிப்பின் 12.10 அத்திறனைக் கட்டாயமாக்கவே, நன்றாக உழைத்துவந்த யந்திரங்கள் தகுதியற்றவையென வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்டன. 14.04 பதிப்பில், துவக்க வரியில் ‘ஃபோர்ஸ்பி.ஏ.இ.’ என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால், கர்னல் அந்த மௌனத்தைப் பொருட்படுத்தாமல் ஓடத் தொடங்கியது.

அதே 2012-ஆம் ஆண்டு டிசம்பரில், லினக்ஸ் பிறந்த 386 ரகச் சில்லுக்கே கர்னல் விடைகொடுத்தது. பிற்காலக் கர்னல் நாடிய சில கட்டளைகள் அச்சில்லில் மெய்யாகவே இல்லை. ஒன்று உள்ளதைச் சொல்லாத சில்லு. மற்றது இல்லாமையால் ஓய்ந்த சில்லு. திரையில் இரண்டும் ஒரே லட்சணத்தோடு நிற்கும். அவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்த வித்தையின் சாரம்; அதைச் செய்யாமல் ஒரு மடிக்கணினியைக் கிழடென்று தூக்கிப்போடுவது நியாயமாகாது.