பங்களாவின் நத்தார் அட்டையும் லயத்தின் கூப்பனும்: ஊவாத் தோட்டங்களில் போர்க்கால வாழ்த்தட்டையின் தடம் (1900–1945)

போர்முனையிலிருந்து வந்த நத்தார் வாழ்த்தட்டை ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை தங்குவதற்கு அன்பு மட்டும் போதாது. அதை வைக்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டியை வைக்க ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டை விட்டு யாரும் தம்மை எழுப்பமாட்டார்கள் என்ற உறுதியும் வேண்டும். இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை வட்டாரத்தில் இவை யாருக்கு வாய்த்தன என்று பார்த்தால், போர்க்கால அட்டையின் வரலாறு தோட்டத்தின் வரலாறாகவே விரிகிறது.

தொடக்கம் 1900. அவ்வாண்டில் ஊவா தென்னாபிரிக்கப் போரோடு இரு வழியில் பிணைந்தது. இலங்கையிலிருந்து தோட்டத்துரைமார் பலர் குதிரைப்படைத் தொண்டர்களாகப் புறப்பட்டுப் போனார்கள். ஆகஸ்டு முதல் எதிர்த்திசையில் போயர் கைதிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தகரக் கொட்டகைகளால் ஆன தியத்தலாவை முகாமே தீவில் அவர்களுக்கான முதன்மை முகாம். இலங்கைக்கு வந்த கைதிகள் சுமார் 5,000 பேர். தளபதிகள் ஒலிவியரும் ரூவும் அவர்களுள் அடங்குவர். முகாமுக்குள்ளேயே ‘டி ஸ்டிரேவர்’ என்றொரு பத்திரிகை வெளிவந்தது. போயர்கள் கால்வினிய மரபினர்; ஆங்கிலேயர் அளவுக்கு நத்தார்ச் சோடனைகளில் மனம் வைக்காதவர்கள். அவர்கள் ஊருக்குக் கொண்டுபோன நினைவுப் பொருள்களில் பல கையால் செதுக்கியவை: பெட்டி, புகைக்குழாய், கைத்தடி. தணிக்கை முத்திரை விழுந்த கடித உறைகளும் அவற்றோடு போயின. புளூம்ஃபொன்டெயின் போர் அருங்காட்சியகத்தில் இத்தகைய முகாம் கைவினைகள் இன்றும் இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில், தென்னாபிரிக்காவிலிருந்த பிரித்தானியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா மகாராணி சொக்லேற் தகரப்பெட்டி அனுப்பினார். அவருடைய கையெழுத்திலேயே புத்தாண்டு வாழ்த்து மூடியில் பதிந்திருந்தது. சொக்லேற்றைத் தின்னாமல் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு. சிப்பாய்க்கு அரண்மனை வாழ்த்துச் சொல்வதும், அதைச் சிப்பாய் வீட்டார் பத்திரப்படுத்துவதுமான வழக்கம் இங்கே வேர்விட்டது. வாழ்த்தட்டையை அச்சடித்து விற்கும் தொழில் இங்கிலாந்தில் 1843-இலேயே தொடங்கியிருந்தது. அதைப் போருக்குள் கொண்டுவந்தது அரசு.

இந்த வழக்கம் முழு உருவம் பெற்றது முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல். சிப்பாய்களுக்கு நத்தார்ப் பரிசு அனுப்ப இளவரசி மேரியின் பெயரில் அக்டோபரில் தொடங்கிய நிதிக்கு 1,62,591 பவுண் சேர்ந்தது. அதில் செய்த பித்தளைப் பெட்டியைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். ஐந்து அங்குல நீளம், மூன்றேகால் அங்குல அகலம். நடுவில் இலைமாலைக்குள் இளவரசியின் முகம், இருபுறமும் ‘எம்’ எழுத்து, கீழே இரு போர்க்கப்பல்களுக்கு இடையில் நத்தார் 1914 என்ற பொறிப்பு. ஓரங்களில் நேச நாடுகளின் பெயர்கள்: பெல்ஜியம், பிரான்ஸ், ரஷ்யா, சேர்பியா, மொன்டனீக்ரோ, கூடவே ஜப்பான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட நாட்களில் ஊவாவின் ஏதேனும் பங்களாவில் இப்பெட்டி அலமாரியில் இருந்திருந்தால், பார்த்தவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

பெட்டிக்குள் புகையிலை, சிகரெட்டு, இளவரசியின் படம், வாழ்த்தட்டை. புகைக்காதவர்களுக்கு எழுதுபொருள். இந்தியப் படையினருக்குத் தனிப் பங்கீடு: கூர்க்காக்களுக்கு வெள்ளையருக்குரியதே, சீக்கியருக்குக் கற்கண்டும் மசாலாப் பெட்டியும் அட்டையும், மற்றவர்களுக்கு இவற்றோடு சிகரெட்டு, தண்ணீர் சுமந்த பிஸ்திகளுக்கு மசாலாவும் அட்டையும் மட்டும். கொடுத்த பொருள் ஆளுக்கு ஆள் மாறினாலும் அட்டை மட்டும் எல்லோருக்கும் உண்டு. அட்டைதான் மலிவு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் பேரரசு தன் சிப்பாய்கள் அனைவருக்கும் ஒரே மாதிரி கொடுக்கத் துணிந்த ஒரே பொருள் அதுவே என்பதும் உண்மை.

நத்தார் நாளுக்குள் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகளே போய்ச் சேர்ந்தன. பிற முனைகளில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை அந்த நவம்பரில் கிழக்காபிரிக்காவின் டாங்காவில் தோல்வியைச் சந்தித்துக் கிடந்தது. இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் அக்டோபரில் கப்பலேறி எகிப்தில் இருந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான இப்படையில் ஊவாத் துரைமாரும் இருந்தனர். 1915 ஏப்ரலில் கலிப்பொலியில் இவர்கள் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாக நின்றார்கள். பித்தளைத் தட்டுப்பாடும் தாமதத்தைக் கூட்டியது. அமெரிக்காவிலிருந்து வந்த பித்தளைத் தகட்டில் ஒரு பகுதி 1915 மே மாதம் லூசிட்டேனியாக் கப்பலோடு மூழ்கிப்போனது. பிந்திய பெட்டிகளில் நத்தார் வாழ்த்தின் இடத்தைப் புத்தாண்டு வெற்றி வாழ்த்து பிடித்துக்கொண்டது. ஆகவே ஓர் அட்டை எந்த வாழ்த்தைச் சொல்கிறது என்பதே, அதைப் பெற்றவர் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு தடயம்.

அட்டைகளில் சொந்தச் செய்தி மிகக் குறைவாக இருப்பதைக் குடும்பத்தார் சில வேளை ஏமாற்றத்தோடு கவனிப்பதுண்டு. தணிக்கையே காரணம். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் இருக்கிறேன் போன்ற வரிகளை அச்சடித்து, பொருந்தாததை அடித்துவிடச் சொன்ன களத் தபாலட்டையில் தேதியும் கையொப்பமும் தவிர ஒரு சொல் கூட எழுதினாலும் அட்டை கிழிக்கப்படும். அந்தச் சூழலில் நத்தார் அட்டைக்கு இருந்த பெறுமதி அதன் தேதிதான். அந்த நாளில் ஆள் உயிரோடு இருந்தார். வீட்டார் படித்தது அதைத்தான்.

எல்லப் பக்கத்துப் பங்களாவுக்கு இவை வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1914-இல் புகைவண்டி பண்டாரவளையோடு நின்றுவிடும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் 1921-இலும், பதுளைக்கான பாதை 1924-இலும்தான் முடிந்தன. அதுவரை பண்டாரவளைக்கு அப்பால் வண்டிப் பாதைதான். கடைசிக் கட்டத்தில், தபால் கந்தோரிலிருந்து பங்களாப் படி வரை, பையைச் சுமந்தவர் தோட்டத்துத் தப்பால்காரர், பெரும்பாலும் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழர். துரையின் மகனோ தம்பியோ அனுப்பிய வாழ்த்தை முதலில் தொட்டது அவர் கை. லயத்துக்கு வரும் கடிதமும் தோட்டக் கந்தோர் வழியாகவே வந்தது. தாமதமானாலும் தவறினாலும் கேட்க ஆளில்லை.

இரண்டாம் உலகப் போரில் அட்டையின் உடலே மாறியது. 1941 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து லண்டனுக்குத் தொடங்கிய ஏர்கிராஃப் சேவையில், படிவத்தில் எழுதியதைச் சிறு ஃபிலிமில் படம்பிடித்து விமானத்தில் அனுப்பி, போய்ச்சேர்ந்த இடத்தில் உள்ளங்கையளவு தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். சுமார் 1,600 கடிதங்கள் ஃபிலிமில் ஐந்து அவுன்ஸ். தாளில் ஐம்பது இறாத்தல். சிப்பாய்கள் வரைந்த நத்தார்ச் சித்திரங்கள் இதில் ஏராளம். சேவை 1945 ஜூலையோடு நின்றது. வீட்டுக்கு வந்தது அசலின் நிழற்படம் மட்டுமே. சிப்பாய் தொட்ட தாள் அல்ல. அப்படியும் மக்கள் அதைப் பத்திரப்படுத்தினார்கள் என்பதுதான் வியப்பு.

அக்காலத்துத் தியத்தலாவையில் மறுபடியும் முள்வேலி. ஜெர்மானியரும் இத்தாலியரும் அடைக்கப்பட்டனர். இரு போர்களிலும் அங்கே கைதியாக இருந்தவர் ஜெர்மன் பௌத்த துறவி ஞானதிலோகர். இரண்டாம் போரின்போது பின்னர் டேராடூனுக்கு மாற்றப்பட்டார். ஹெச்.எம்.எஸ். ஊவா என்ற பெயரில் கடற்படை ஓய்வு முகாமும் அங்கே இயங்கியது.

லயத்திலும் போர் ஓர் அட்டையைக் கொண்டுவந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. பங்கீடும் கூப்பனும் வந்தன. ஊவாத் தோட்டத் தமிழரின் போர்க்காலத் தாள் இதுவே. அதன் பெறுமதி போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள், 1949-இன் இந்திய-பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1-க்கு முந்திய தொடர்ச்சியான வதிவை நிரூபிக்க வேண்டியிருந்தது: மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு. கணக்குப் பார்த்தால் அது முழுக்கப் போர்க்காலத்தை உள்ளடக்கியது. தேதி போட்ட எந்தத் தாளும் அப்போது உயிர்நாடி. சுமார் எட்டேகால் லட்சம் பேர் விண்ணப்பித்து, ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. முந்திய தலைமுறைக்கோ, ஆள்திரட்டிய கங்காணியின் கடனைக் குறித்து 1921 வரை வழங்கிய ‘துண்டு’தான் பெட்டியில் வைக்க வேண்டிய தாள். ஆகவே லயத்துத் தகரப்பெட்டி நினைவுகளை விட அத்தாட்சிகளுக்கே அதிகம் இடம் கொடுத்தது. இதைப் பாசக்குறைவு என்று எழுதுபவர்கள் பெட்டியின் அளவை யோசிப்பதில்லை.

பங்களாவின் அட்டைகள் பங்களாவோடு போயின. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது எஞ்சியிருந்த துரைமார் குடும்பங்களும் பிரித்தானியாவுக்குத் திரும்பின. இன்று ஊவாவின் நத்தார் அட்டைகளில் பலவற்றை அங்குள்ள குடும்ப இழுப்பறைகளிலும் ஏலப் பட்டியல்களிலும்தான் தேட வேண்டும். முத்திரைச் சேகரிப்பாளர்கள் உறையை வாங்கி அட்டையை விடுகிறார்கள். பெட்டி சேகரிப்போர் பித்தளையை வாங்கி இரண்டையும் விடுகிறார்கள்.

லயத்தாரின் தாள்கள் வேறு திசையில் சிதறின. 1964 அக்டோபர் 30-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் கடந்து, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் பலர். இங்கேயே தங்கியவர்களில், பதுளையிலும் பண்டாரவளையிலும் கடை வீடு வைத்திருந்தவர்கள் 1983 ஜூலை இனக்கலவரத்தில் கண்ணெதிரே எல்லாவற்றையும் நெருப்புக்குக் கொடுத்தார்கள். எனவே ஊவாவின் போர்க்காலத் தாள்களைத் திரட்ட முனையும் ஆய்வாளர், லண்டன் ஆவணக் காப்பகங்களுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்ப் பழைய கடவுச்சீட்டுகளுக்கு அடியில் வேறென்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது.