வெட்டிய கை, நட்ட கை

கங்காணியின் பேச்சை நம்பி வால்பாறைக்கு மலையேறியவர் என் கொள்ளுத்தாத்தா. 1890களில் தொடங்கிய தோட்டங்களுக்காக மழைக்காட்டை வெட்டிச் சாய்த்தவர்கள் அவரைப் போன்ற கூலிகள்தாம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தேயிலையும் காப்பியும் பரவின. காடு துண்டு துண்டாக மிஞ்சியது.

2000ஐ ஒட்டி, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் தோட்ட நிறுவனங்களின் இசைவோடு அந்தத் துண்டுகளைச் சீராக்கத் தொடங்கினார்கள். எங்களுக்குப் புதுவகைப் பருவவேலை பிறந்தது.

இதற்கு மழைதான் நாள்காட்டி. சாலையோரம் உதிர்ந்த வெடிப்பலா, குங்கிலிய விதைகளைப் பொறுக்கி நாற்றங்கால் பைகளில் ஊன்றுவோம். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் உண்ணிச்செடியை அகற்றுவோம். அதனடியில் தானாக முளைத்த மரக்கன்றில் கத்தி படாமல் வெட்டுவதுதான் கைத்திறன். ஜூன், ஜூலையில் அட்டைக்கடியோடு நடவு. பிறகு, பிழைத்தவை எத்தனை என்ற கணக்கெடுப்பு. வளர்ந்த மரங்களுக்கு நெஞ்சுயரத்தில் நாடா சுற்றி அளப்போம். வேலை ஓய்ந்ததும் பலர் கொழுந்து பறிக்கத் திரும்பிவிடுவோம்.

சும்மா விட்ட துண்டுகளைவிட, நட்டுப் பராமரித்தவற்றில் மரவகைகளும் மரங்கள் சேமித்த கரிமமும் கூடுதல் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

காட்டை அழித்த வரலாற்றில் துரைமார் பெயர்தான் நிற்கிறது. மீட்கும் வரலாற்றிலாவது நட்டவர்களின் பெயரையும் எழுதுங்கள்.