ஹீட்டருக்குப் பிறந்த விசிறி

சிங்கப்பூரில் ஓடும் கார்கள் பலவற்றில் ஹீட்டரும் இருக்கிறது. இந்தத் தீவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரியை ஒட்டித்தான். பிறகு ஹீட்டர் எதற்கு? டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தே முதுகு தேய்ந்த என்னைப் போன்றவர்களைக் கேட்டால் சொல்வோம்: கார் ஏர்கான் என்பது குளிர்நாட்டு ஹீட்டரின் வீட்டுக்கு ஒண்டுக்குடித்தனம் வந்த சாமான்.

தொழிற்சாலையிலேயே ஏர்கான் பொருத்தி வந்த முதல் கார் அமெரிக்காவின் பேக்கார்ட், 1940ஆம் ஆண்டு மாடல். குளிரூட்டும் பெட்டி பின்பக்க டிக்கியில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. அதை நிறுத்த வேண்டுமானால் இஞ்சினை அணைத்து, போனட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1954இல் நாஷ் நிறுவனம் சூட்டையும் குளிரையும் ஒரே அமைப்பாக்கி முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் காற்றைத் தள்ள ஒரே விசிறி. நாங்கள் ப்ளோவர் என்று சொல்வது அதைத்தான். இன்றைய கார்களிலும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான்.

சிங்கப்பூரில் பிரதமரானதும் அரசாங்க ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்களில் ஏர்கான் போட வைத்ததாக லீ குவான் இயூ பிற்காலத்தில் சொன்னார். கார்களுக்கு அந்த வசதி நிதானமாகத்தான் வந்தது. எழுபதுகளின் கடைசியில், ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயிடம் நான் கையாளாகச் சேர்ந்தபோது, வரும் கார்களில் பாதிக்கு ஏர்கான் இல்லை. நாங்கள்தான் பொருத்துவோம். முன்னால் உட்காருபவரின் முழங்காலில் இடிக்கிற மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும். கூலிங் காயிலும் விசிறியும் அதற்குள்ளேயே இருக்கும். நான்கு திருகைக் கழற்றினால் மோட்டார் கைக்கு வந்துவிடும். கடையில் பேச்சு பாதி பசார் மலாய், பாதி ஹொக்கியன். பழைய மோட்டார், சுவிட்ச் என்று எது வேண்டுமானாலும் சுங்கை ரோடு சந்தைக்கு ஓடுவேன். திரும்பும் வழியில் தேக்காவில் ஒரு டீ. அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

பிறகு ஏர்கான் டேஷ்போர்டுக்குள்ளேயே புதைந்து வரத் தொடங்கியது. எங்களுக்கு ஓயாத ஒரு பழுதும் அதோடு வந்து சேர்ந்தது. "அண்ணே, நாலாம் நம்பர்ல மட்டும்தான் காத்து வருது" என்பார் டாக்சிக்காரர். அப்படியென்றால் போனது ரெசிஸ்டர். நாலாம் எண்ணில் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகும். மற்ற மூன்றிலும் ரெசிஸ்டரின் கம்பிச் சுருள் வழியாகக் குறைந்து போகும். சுருள் எரிந்தால் பெரும்பாலும் அந்த மூன்றும் சேர்ந்தே செத்துவிடும். புது ரெசிஸ்டரைச் சொருகினால் காற்று வரும். சில மாதத்தில் அதே வண்டி, அதே பழுதோடு வாசலில் நிற்கும்.

காரணம் இதுதான். ரெசிஸ்டர் சூடாகிற சாமான். அதனால்தான் விசிறிக் காற்று மேலே படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். காற்று குறைந்தால் அது தன் சூட்டிலேயே வெந்துவிடும். மோட்டாரின் புஷ் தேய்ந்து இறுகினாலும், தண்ணீர் புகுந்து துருப்பிடித்தாலும், மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அந்தச் சுமையும் ரெசிஸ்டர் தலையில்தான் விழும். ஆகவே ரெசிஸ்டரை மாற்றும்முன் மோட்டார் வயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். எந்த எண்ணிலும் காற்று வராமல், மோட்டாரைத் தட்டினால் மட்டும் ஓடுகிறதென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 1963இல் தொடங்கிய மரம் நடும் இயக்கம் சாலையெல்லாம் நிழல் பரப்பியது. தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்தாத ஓட்டுநர் இங்கே இல்லை. அதன் பொடி இலைகள் வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுவாயில் விழுந்து, மழைநீர் வடியும் துளையை அடைக்கும். வெளிக்காற்று வழி திறந்திருந்தால் இலைகள் விசிறிக் கூண்டுவரை போகும். ஈர இலைக் குழம்பை விரலால் வழித்து எடுத்திருக்கிறேன். பிற்காலக் கார்களுக்குக் காற்று வடிகட்டி வந்தது. அது அடைத்தாலும் கதை அதேதான். 2013 ஜூனில் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்ட நாள்களுக்குப் பிறகு, நாங்கள் கழற்றிய வடிகட்டிகள் கரித்துணி போல வந்தன.

தொழிலை மாற்றியது 1990 மே மாதம் வந்த வாகன உரிமைச் சான்றிதழ். அதன் ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்தால் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் வண்டியைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். நன்றாக ஓடும் கார்களே உடைப்புக்குப் போயின. அவற்றின் ப்ளோவர்கள் கடைகளில் மலிவாகக் குவிந்தன. பிரஷ் மாற்றி, புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டு மோட்டாரைப் பிழைக்க வைக்கும் கூலியைவிட, இன்னொரு மோட்டாரைத் தூக்கிப் போடுவது லாபமானது. பழுது பார்ப்பவர்கள் பாகம் மாற்றுபவர்கள் ஆனோம். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி என்று வொர்க்‌ஷாப்புகள் அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தன. வாடகை ஏறியதால், ஒரு வண்டியில் ஒரு மணி நேரம் செலவழித்துக் காரணம் தேட எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது.

கட்டுப்படியாகாது என்பது முதலாளியின் கணக்கு. பணம் கொடுப்பது நீங்கள். அடுத்த முறை ப்ளோவர் நின்றால், எரிந்த ரெசிஸ்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, வடிகட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் மட்டும் சாவியைக் கொடுங்கள்.