சூப்பர் ஹீரோவின் இரட்டை வாழ்க்கையும் ஆட்டிசத்தின் வரலாறும்

சூப்பர் ஹீரோ என்ற கதை வடிவமும் ஆட்டிசம் என்ற மருத்துவக் கருத்தும் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருப்பெற்றவை. 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானான். அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். கிளீவ்லேண்டில் ஒன்றாகப் பள்ளியில் படித்த கூச்ச சுபாவிகள். அதே ஆண்டு அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர். மகனைப் பற்றித் தந்தை 33 பக்கத்துக்குக் கடிதம் எழுதி முன்பே அனுப்பியிருந்தார். அந்தச் சிறுவனையும் அவனைப் போன்ற வேறு பத்துப் பேரையும் கவனித்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர், 1943-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக விவரித்தார். தனிமை நாட்டம், மாற்றத்தை ஏற்க மறுக்கும் பிடிவாதம், வியக்கத்தக்க நினைவாற்றல் ஆகியவை அவர் கண்ட முக்கியக் கூறுகள்.

இரண்டு வரலாறுகளுக்கும் இடையே அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதத் தொடங்கிய பிறகு, சூப்பர் ஹீரோ கதைகளின் பழைய பக்கங்கள் வேறு விதமாகப் படிக்கப்பட்டன. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன், மனிதர்களைப் போலவே தோற்றம், உள்ளே வேறு இயல்பு: இது வெளிப்படையாகத் தெரியும் ஒற்றுமை. இதைவிட ஆழமான ஒற்றுமை, சூப்பர்மேன் மனிதர்களிடையே பூணும் கிளார்க் கென்ட் என்ற அடையாளத்தில் இருக்கிறது. மற்ற நாயகர்கள் சாகசத்துக்காக வேஷம் கட்டுவார்கள். சூப்பர்மேனுக்கோ சாதாரண மனிதன்தான் வேஷம். கண்ணாடி, கூன் விழுந்த தோள், தயங்கும் குரல், வேண்டுமென்றே காட்டும் தடுமாற்றம் என்று அலுவலக நேரம் முழுவதும் அவன் நடித்தாக வேண்டும். எதிராளியின் கண்ணைப் பார்ப்பதற்குப் பழகிக்கொள்வது, பேசப்போகும் வாக்கியங்களை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது, கையை உதறும் வழக்கத்தை அடக்குவது, பிறர் சிரிக்கும்போது தாமும் சிரிப்பது ஆகியவற்றை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 'முகமூடி போடுவது' என்றே சொல்கிறார்கள். 2010-களில் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை முறையாக ஆராய்ந்தபோது, நாள் முடிவில் ஏற்படும் கடும் களைப்பையும், தாம் யார் என்பதே மங்கிப்போகும் உணர்வையும் பலர் குறிப்பிட்டனர். காமிக்ஸில் கிளார்க் கென்ட்டுக்கு இந்தக் களைப்பு பெரும்பாலும் வருவதில்லை. கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஓய்வு மட்டும் தேவைப்பட்டது. 1958 ஜூன் இதழில் வட துருவப் பனியில் சூப்பர்மேனின் தனிமைக் கோட்டை விரிவாக வரையப்பட்டது. பிறர் தூக்க முடியாத ராட்சதச் சாவியால் திறக்கும் அந்த இடத்தில் அவன் நாட்குறிப்பு எழுதுகிறான், சோதனைகள் செய்கிறான், சேகரித்த பொருள்களை அடுக்கி வைக்கிறான். நண்பர்களுக்கும் தனித்தனி அறை உண்டு; அவற்றில் அவர்களின் மெழுகுச் சிலைகள் நிற்கின்றன. மனிதர்கள் மேல் அன்பு, ஆனால் அவர்கள் அருகில் இல்லாத அமைதியும் வேண்டும் என்ற இரண்டும் முரண்பாடின்றி ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1967-இல், சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் ஆட்டிசக் குழந்தையின் மனத்தை 'வெற்றுக் கோட்டை' என்று தம் நூலின் தலைப்பிலேயே வருணித்தார். தாயின் அன்பின்மையே காரணம் என்பது அவர் வாதம். கடற்படை உளவியலாளரும் ஆட்டிசக் குழந்தையின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது நரம்பியல் சார்ந்தது என்று 1964-லேயே எழுதியிருந்தார். ஆனாலும் தாய்மார்கள் மீதான பழி நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. நிபுணரைவிடச் சிறுவர் இதழ் இந்த விஷயத்தில் நிதானமாக இருந்தது என்று சொல்லலாம்.

மருத்துவமும் காமிக்ஸும் நேருக்கு நேர் மோதிய தருணமும் உண்டு. காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று 1954-இல் நூல் எழுதிய மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம், கேனரைப் போலவே ஜெர்மன் மொழிச் சூழலிலிருந்து வந்தவர். இருவரும் 1920-களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அடால்ப் மேயரின் கீழ் பணியாற்றியவர்கள். வெர்தாமின் எதிர்ப்பு அலையில் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டனர். திகில் இதழ்களும் குற்ற இதழ்களும் ஒடுங்கின. சூப்பர் ஹீரோக்கள் எஞ்சினர்.

1963 செப்டம்பரில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய 'எக்ஸ்-மென்' தனி மனிதனின் ரகசியத்தை ஒரு கூட்டத்தின் வாழ்க்கையாக மாற்றியது. பிறவியிலேயே வேறுபட்டவர்கள், பதின்ம வயதில் வெளிப்படும் வேறுபாடு, அவர்களுக்கென்று ஒரு பள்ளி. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் நிழலாகவே இது பலமுறை விளக்கப்பட்டிருக்கிறது. ஆட்டிச வாசகர்களுக்கோ கதாபாத்திரங்களின் அன்றாட ஏற்பாடுகளும் பழக்கமானவையாக இருந்தன. கண்ணிலிருந்து கட்டுப்பாடின்றிக் கதிர் பாயும் சைக்ளாப்ஸால் சிவப்புக் கண்ணாடியைக் கழற்ற முடியாது. 1981-இல் அறிமுகமான ரோக் தொட்டால் எதிராளியின் நினைவும் ஆற்றலும் அவளுக்குள் புகுந்துவிடும். ஆகவே கையுறை, யாரையும் தொடாத வாழ்க்கை. ஆட்டிசம் உள்ளவர் மனிதர்களை விரும்பாதவர் என்ற பழைய எண்ணத்துக்கு ரோக் நல்ல மறுப்பு. அவள் நெருக்கத்துக்கு ஏங்குகிறாள். நெருங்கும் வழிதான் அவளுக்கு இல்லை.

இவை எதிலும் ஆட்டிசம் என்ற சொல் இல்லை. சொல் வந்தபோது சித்திரிப்பு மோசமானது. 1985-இல் கிறிஸ் கிளேர்மான்ட்டும் பில் சியன்கெவிச்சும் உருவாக்கிய லீஜியன், எக்ஸ்-மென் பள்ளியை நடத்தும் பேராசிரியர் சேவியரின் மகன். சிறுவயதில் வன்முறையைக் கண்டு உறைந்துபோன அவனைக் கதை ஆட்டிசம் உள்ளவன் என்று அழைக்கிறது. மனத்தை வாசிக்கும் நாயகர்கள் அவன் உள்ளத்துக்குள் புகுந்து மீட்கப் போராடுகிறார்கள். பெட்டல்ஹைமின் பூட்டிய கோட்டை, மருத்துவ உலகம் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், காமிக்ஸில் புதிதாகக் கட்டப்பட்டது. பிற்காலக் கதைகளும் 2017-இன் தொலைக்காட்சித் தொடரும் லீஜியனை வேறு மனநோய்களின் பக்கம் நகர்த்திவிட்டன. 2003-இல் டி.சி. நிறுவனம் அக்வாமேனின் எதிரி பிளாக் மான்டாவுக்கு ஆட்டிசக் குழந்தைப் பருவம் ஒன்றைக் கொடுத்தது. வில்லத்தனத்துக்கு விளக்கம் தேடும் அந்த முயற்சியும் நீடிக்கவில்லை.

இதற்கிடையே மருத்துவ எல்லை விரிந்தது. 1981-இல் லண்டனின் லோர்னா விங், மருத்துவர் ஆஸ்பெர்கரின் பழைய வியன்னா ஆய்வுகளை ஆங்கில உலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆட்டிசம் ஒரே வடிவமல்ல, பல நிலைகள் கொண்ட நிறமாலை என்ற கருத்து பரவியது. 1993-இல் டொரான்டோவில் நடந்த ஆட்டிச மாநாட்டில், ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர், தங்களுக்காகத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று பெற்றோரிடம் பேசினார். குணப்படுத்த வேண்டுமா என்ற கேள்வி காமிக்ஸிலும் எழுந்தது. 2004-இல் ஜாஸ் வீடன் எழுதிய 'எக்ஸ்-மென்' தொடரில் கவிதா ராவ் என்ற இந்திய விஞ்ஞானி, எக்ஸ்-மென்னின் பிறவி வேறுபாடான பிறழ்வுக்கு மருந்து கண்டுபிடித்ததாக அறிவிக்கிறார். அந்தக் கரு 2006-இல் திரைப்படமானது. அதே 2006-இல் அமெரிக்காவில் ஆட்டிசத்தை எதிர்த்துப் போராடுவதாகப் பெயரிலேயே அறிவித்த சட்டம் கையெழுத்தானது. அரி நியேமன் ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் உரிமை அமைப்பைத் தொடங்கினார். படத்தில், குணப்படுத்த எங்களிடம் எதுவும் இல்லை என்று கொதிப்பவள் வானிலையை ஆளும் ஸ்டார்ம். மருந்தை ஏற்றுக்கொள்பவள் ரோக். ஒருத்திக்குத் தன் வேறுபாடு பெருமை. மற்றவளுக்கு அது காதலனின் கையைப் பிடிக்க முடியாத தடை. ஆட்டிச உலகின் உண்மையான பிளவும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் ஓடுகிறது. வணிகப் படம் ஒன்று அதைத் தெரியாமலே பிடித்திருக்கிறது.

புலன்களின் கதை தாமதமாக வந்தது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றின் மிகை உணர்வு 2013 மே மாதம் வெளியான அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் ஆட்டிசத்தின் அறிகுறிப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த மாதமே 'மேன் ஆஃப் ஸ்டீல்' திரைக்கு வந்தது. அதில் வகுப்பறையில் சிறுவன் கிளார்க்குக்கு ஆசிரியையின் எலும்பும் துடிக்கும் இதயமும் தெரிகின்றன. எல்லா ஓசையும் ஒரே நேரத்தில் பாய்கிறது. அவன் ஓடிப்போய்ச் சாமான் அறைக்குள் பூட்டிக்கொள்கிறான். வெளியே நின்று தாய் தன் குரலை மட்டும் பற்றிக்கொள்ளச் சொல்கிறாள். ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிப் பேசிய பல படங்களைவிட, பெயர் சொல்லாத இந்தச் சில நிமிடங்கள் துல்லியமானவை.

வெளிப்படையாக ஆட்டிசம் உள்ள சூப்பர் ஹீரோ பெரிய திரைக்கு வந்தது 2017-இன் 'பவர் ரேஞ்சர்ஸ்' படத்தில். ஆர்.ஜே. சைலர் நடித்த நீல ரேஞ்சர் பில்லி, தான் நிறமாலையில் இருப்பதை நண்பனிடம் தானே சொல்கிறான். கேலி புரிவதில்லை என்கிறான். ஐவரில் முதலில் உருமாறுபவனும் அவனே. அது நிகழ்வது கணக்குப் போடும்போது அல்ல, சண்டையிடும் இரு நண்பர்களை விலக்கப் போகும்போது. இதற்கு முந்தைய ஆண்டின் 'தி அக்கவுன்டன்ட்' கணக்குத் திறமையையும் கொலைத் திறமையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தது. அடுத்த ஆண்டின் 'தி பிரெடேட்டர்' ஆட்டிசத்தைப் பரிணாமத்தின் அடுத்த படி என்று சொல்லிக் கண்டனத்துக்கு ஆளானது.

2019-இல் கிரேட்டா துன்பர்க் தம் ஆஸ்பெர்கர் நிலையைக் குறிப்பிட்டு, வேறுபட்டிருப்பது ஒரு 'சூப்பர் பவர்' என்று எழுதினார். அந்தச் சொல்லைப் பல இளைஞர்கள் ஏற்றனர். அபூர்வத் திறமை இல்லாதவர்களை அது கணக்கில் எடுப்பதில்லை என்று ஊனமுற்றோர் ஆய்வுத் துறையினரும் பெற்றோர் பலரும் ஆட்சேபித்தனர். 2021 இறுதியில் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம், பேச்சு இல்லாமலும் வாழ்நாள் முழுவதும் பராமரிப்புடனும் வாழ்பவர்களுக்காகத் தனிப் பெயர் ஒன்றை முன்மொழிந்தபோது இந்த விவாதம் மேலும் சூடானது. இவர்களின் அன்றாடத்தை சூப்பர் ஹீரோ கதைகள் இதுவரை அரிதாகவே தொட்டிருக்கின்றன.